மழை இரவில் விழித்திருப்பது

கேள்வி:

எனக்கு 28 வயது. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம்தான் சொந்த ஊர். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை, வேளச்சேரியில் தரைத்தள வாடகை வீடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் மேல்வீட்டுக்காரர் புண்ணியத்தில் மொட்டை மாடியில் கிடந்தோம். அதிலிருந்து மழை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது நான்கு இரவுகள் கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் மழை இல்லாத நாளிலும் தூக்கம் சரியாக வருவதில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால், "இந்த உலகத்துல புள்ளையப் பெத்து என்ன பண்றது" என்று அம்மாவோடு சண்டை.

போன மாதம் ஒரு வீடியோ பார்த்தேன். உலகப் பல்லுயிர்களில் 80 விழுக்காடு பழங்குடிகளின் கையில்தான் பத்திரமாக இருக்கிறதாம். காட்டுக்குத் தீ வைத்தே அவர்கள் காட்டைக் காக்கிறார்களாம். அன்றைக்கு மட்டும் நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. இது நிஜமா, இல்லை என்னைப் போன்றவர்களைத் தாலாட்டுகிற கதையா? வேலையை விட்டுவிட்டு மலையில் அவர்களோடு கொஞ்ச காலம் இருந்தால் இந்தப் பயம் போகுமா? கையகல நிலம்கூட இல்லாத நான் என்ன செய்ய முடியும்?

— வாசகி, சென்னை

பதில்:

அந்த 80 விழுக்காட்டை முதலில் எடுத்து ஓரமாக வையுங்கள். நானும் அதை இரண்டு மேடைகளில் முழங்கியவன்தான். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 2024 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் சில ஆய்வாளர்கள், அவர்களில் பழங்குடியினரும் உண்டு, அந்த எண்ணின் வேரைத் தேடிப் போய், அப்படி ஒரு வேரே இல்லை என்று எழுதினார்கள். நூற்றுக்கணக்கான அறிக்கைகளில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வந்த எண் அது. உயிரினங்களையெல்லாம் எண்ணி முடித்து விழுக்காடு போட இதுவரை யாராலும் ஆகவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடிய கணக்கு இன்னும் அடக்கமானது. 2018இல் வந்த ஓர் ஆய்வின்படி, பழங்குடி மக்கள் பராமரிக்கும் அல்லது உரிமை கொண்டிருக்கும் நிலம் குறைந்தது 3.8 கோடி சதுர கிலோமீட்டர், உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பாதுகாக்கப்பட்ட பகுதிகளும் இன்னும் சிதையாத இயற்கை நிலப்பரப்புகளும் சேர்ந்த பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்குள் வருகிறது. இதுவே பெரிய விஷயம். இதற்கு மேல் ஏற்றிச் சொன்னால், ஏற்றியது இறங்கும்போது மெய்யும் சேர்ந்து இறங்கிவிடும். அமெரிக்கப் பழங்குடித் தலைவர் சியாட்டில் பேசியதாக எல்லோரும் பகிரும் அந்த உருக்கமான உரையும் இதே ரகம். அதன் புகழ்பெற்ற வடிவம் 1970களின் தொடக்கத்தில் ஒரு படத்துக்காகத் திரைக்கதை எழுத்தாளர் ஒருவர் எழுதியது.

அடுத்தது உங்கள் தூக்கம். வாரக்கணக்கில் இப்படியே போகிறதென்றால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நான் காட்டைப் படித்தவன். மருந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் உங்கள் பயத்தை நோய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. 2021இல் இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குள்ளான 10,000 பேரிடம் கேட்டார்கள். 'லான்செட்' குழும இதழில் வந்த அந்த ஆய்வில் 59 விழுக்காட்டினர் பருவநிலையை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். 45 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையையே பாதிக்கிறது என்றார்கள். ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட் இதை ஒட்டிய ஒரு துயரத்துக்குப் பெயரே சூட்டியிருக்கிறார்: சொலஸ்டால்ஜியா. நிலக்கரிச் சுரங்கங்கள் ஊரைத் தின்றுகொண்டிருந்த ஹண்டர் பள்ளத்தாக்கு மக்களைப் பார்த்து அவர் யோசித்த சொல். ஊரை விட்டு எங்கும் போகாமலே ஊருக்காக ஏங்குவது என்று தமிழில் சொல்லலாம்.

சரி, தீக்கு வருவோம். அது கதை இல்லை. தூரத்துக் கதையும் இல்லை. சத்தியமங்கலத்துக்கு வடக்கே மலை ஏறி இறங்கினால் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை. அங்கே இருப்பவர்கள் சோளகர்கள். 'சோளகர் தொட்டி' நாவல் படித்திருந்தால் அவர்களில் தமிழ்நாட்டுப் பக்கத்து மக்கள் பட்ட பாடு தெரிந்திருக்கும். கன்னடத்துக்கும் தமிழுக்கும் நெருக்கமான ஒரு பேச்சு அவர்களுடையது. காதைத் தீட்டிக் கேட்டால் பாதி புரியும்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில் அங்கே ஒரு பெரியவரோடு நடந்தேன். பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி. நம் ஊர் வேலியோரத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்குமே, அதே செடிதான். அலங்காரத்துக்காக வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்தது. அங்கே அது ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடந்தது. இரண்டு பாகத்துக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது. பெரியவர் ஓர் இடத்தில் நின்று, "நான் பையனா இருந்தப்போ இங்க நின்னா அந்தக் கரை தெரியும்" என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது செடி மட்டும்தான். பிறகு குனிந்து, உள்ளங்கையைத் தன் கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் தரைக்கு இணையாக வைத்தார். "தீ இம்புட்டுத்தான் இருக்கணும்." அதற்கு மேல் எழும்பினால் அது தப்பான தீயாம்.

அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தரகு பெங்கி'. தரகு என்றால் சருகு. நம் சொல்லேதான், எழுத்து கொஞ்சம் மாறியிருக்கிறது. பெங்கி என்றால் நெருப்பு. இலை உதிர்ந்து, தரையில் ஈரம் இன்னும் முழுதாகப் போகாத ஜனவரி, பிப்ரவரியில் வைப்பது. தேனெடுக்க, நெல்லிக்காய் பறிக்கப் போகிற வழியில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். மலை முழுக்க ஒரே நாளில் கொளுத்துகிற பேச்சே இல்லை. பனி இறங்கியதும் தீ தானாக அவிந்துவிடும். சருகு எரியும், பெரிய மரத்தின் பட்டை தாங்கிக்கொள்ளும், போன வருஷம் முளைத்த உண்ணிச்செடிக் கன்று கருகும். முதல் மழைக்கு அங்கே புல் துளிர்க்கும், புல்லுக்குக் காட்டெருமையும் மானும் வரும். நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறாமல் இருந்ததற்கும் இந்தத் தீதான் காரணம் என்கிறார்கள். புல்லுருவிக்கு அவர்கள் பேச்சில் உப்பிலு என்று பெயர்.

1974இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. காட்டுக்குள் சிதறியிருந்த குடிகளைப் 'போடு' என்னும் குடியிருப்புகளில் கொண்டுவந்து வைத்தார்கள். இடம்மாற்றிச் செய்த வேளாண்மை நின்றது. தீ வைப்பது குற்றமானது. அப்புறம் நடந்ததை ஆய்வாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். 1997இல் அவர்கள் பார்த்த இடங்களில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் உண்ணிச்செடி இருந்தது. 2008இல் அதே மலையில் ஐந்தில் நான்கு இடங்களைப் பிடித்துவிட்டது. புல்லுருவி ஏறி நெல்லி மரங்கள் பட்டுப்போவதையும் தனியாகப் பதிவு செய்தார்கள். சின்னத் தீயை நிறுத்தினால் பெரிய தீ வரும். சருகு வருஷக்கணக்கில் சேரும். உண்ணிச்செடி அதன் மேல் ஏணி போல நிற்கும். ஏப்ரலில் ஒரு பொறி விழுந்தால் தரையில் நகரவேண்டிய நெருப்பு அந்த ஏணியில் ஏறி மரத்தின் உச்சிக்குப் போய்விடும். 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூர் எரிந்ததே, அந்தப் புகையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

இதைப் படித்துவிட்டு 'காட்டுக்குத் தீ நல்லது' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதனால்தான் பெரியவரின் உள்ளங்கையைச் சொன்னேன். எந்த மாதம், எந்தச் சரிவு, காலையா மாலையா, காற்று எந்தப் பக்கம் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த அறிவு. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போன 23 பேரைக் கொன்றதும் தீதான். இன்னொன்று, நாளைக்கே அனுமதி கொடுத்தாலும் பிலிகிரிரங்கன் மலையில் அப்படியே தரகு பெங்கியைத் தொடங்க முடியாது. அவ்வளவு செடி நிற்கும்போது வைத்தால் அது தரகு பெங்கியாக இருக்காது. முதலில் வேரோடு பிடுங்க வேண்டும், அப்புறம்தான் தீ. 50 வருஷம் நிறுத்தி வைத்த பழக்கத்தை ஒரு பொத்தானை அழுத்தி மீட்க வழியில்லை.

சோளகர்கள் தங்கள் குலங்களுக்கென்று மலையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 'யெல்லெ' என்று பெயர், நம்முடைய எல்லைதான். அதற்குள் தேவரு, மாரம்மா, வீரு, முன்னோர்க்கான கல்லுகுடி, ஊற்றாகிய அப்பி என்று ஐந்து வகைப் புனித இடங்கள். ஆய்வாளர்களும் அவர்களுமாகச் சேர்ந்து நடந்து கிட்டத்தட்ட 490 இடங்களை வரைபடத்தில் குறித்தார்கள். அந்த வரைபடம் அலங்காரத்துக்கு இல்லை, உரிமை கேட்பதற்கு. 2011 ஜனவரியில் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 25 போடுகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. இந்தியாவில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது அதுவே முதல் முறை. உரிமைப் பட்டயம் வந்தது, தீக்கு அனுமதி வரவில்லை.

தீயைத் திரும்பப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். வட ஆஸ்திரேலியாவில் அர்னம்லாந்து என்று ஒரு பகுதி. அதன் மேற்கில் பாறைப் பீடபூமி. அங்கிருந்த மக்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பாதிரிமார் குடியிருப்புகளுக்கும், எருமை வேட்டை முகாம்களுக்கும், சுரங்கங்களுக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். மேலே ஆளில்லை. ஆளில்லாத நிலத்தை அநாதை நிலம் என்கிறார்கள். கோடையின் கடைசியில் மின்னல் விழுந்தோ மனிதக் கையாலோ பிடித்த தீ கேட்பாரின்றி வாரக்கணக்கில் எரிந்தது. அந்த மலையில் மட்டுமே வளரும் அன்பினிக் மரக்காடுகள் ஓரங்களிலிருந்து கருகத் தொடங்கின. பர்தாயல் லாஃப்டி நஜமெரெக் என்ற பெரியவர், பாறை ஓவியம் அறிந்த புகழ்பெற்ற ஓவியர், தன் முதுமையில் குடும்பத்தோடு மலைக்குத் திரும்பி கபுல்வார்னம்யோ என்ற இடத்தில் குடியேறினார். கூடவே வெள்ளைக்கார விஞ்ஞானிகளை உட்காரவைத்துப் பாடமும் நடத்தினார். 2006இல் ஓர் ஒப்பந்தம் உருவானது. 28,000 சதுர கிலோமீட்டரில் ஈரம் இருக்கும்போதே சின்னச் சின்னதாக எரித்துவிடுவது. அதனால் கோடைத் தீ குறையும். குறைகிற புகைக்குப் பணம். இலக்கு ஆண்டுக்கு 1,00,000 டன் கரியமில வாயுவுக்குச் சமமான அளவு. எரிந்த புல் மறு மழையில் வளர்ந்து கரியமிலத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும்தான் கணக்கில் வந்தன. பெரியவர் 2009இல் காலமானார். அவர் தொடங்கிவைத்த வார்டெகன் அமைப்பின் வனக்காவலர்கள் இன்றும் எரிக்கிறார்கள்.

அந்த வேலையைப் படத்தில் பார்த்தால், உங்கள் வீடியோவில் அநேகமாக ஒலித்திருக்கும் புல்லாங்குழல் இசை அதற்குப் பொருந்தாது. ஹெலிகாப்டரில் போய்த் தீக்குண்டுகளைத் தூவுகிறார்கள். எல்லை தாண்டிய தீயைத் திருப்ப, நம் மாநகராட்சி ஆட்கள் பூங்காவில் இலை ஊதுகிற அதே இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஆனால் எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பக்கத்துக் காக்கடு பகுதி மக்களின் கணக்கில் வருஷத்துக்கு ஆறு பருவம். ஏப்ரல் வாக்கில் சூறைக்காற்று, ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிற ஈட்டிப்புல்லைச் சாய்த்துப் போடும். அடுத்து வருகிற யெக்கெ என்னும் பனிப்பருவத்தில், மே மாதத்தை ஒட்டி, எரிப்பு தொடங்கும்.

எனக்கு இதில் ஓர் உறுத்தலும் உண்டு. அந்த ஒப்பந்தத்தில் பணம் கொடுத்தது டார்வின் நகரத்து இயற்கை எரிவாயு ஆலை. ஒரு பக்கம் எரிவாயு விற்று, இன்னொரு பக்கம் பழங்குடிகளின் தீக்குக் கூலி. 'பாவத்தைக் கழுவ உண்டியலில் போட்ட காசு' என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார், மறுக்க முடியவில்லை. அதே பணத்தில்தான் மலை மேல் ஆட்கள் தங்க முடிந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது என்பதையும் மறுக்க முடியவில்லை. உலகம் சூடாவதை இந்தத் தீ நிறுத்துமா என்று கேட்டால், நிறுத்தாது. நிலக்கரியையும் எண்ணெயையும் நிறுத்தினால்தான் அது நிற்கும். பழங்குடிகள் உலகத்தைக் காப்பாற்றுவார்கள் என்று சொல்வதில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. நாம் கெடுத்ததை அவர்கள் தலையில் தூக்கி வைக்கிறோம்.

தீயைத் தடுத்தால் காடு மட்டும் போவதில்லை என்பதற்கு, கலிஃபோர்னியாவின் கருக் மக்களைப் பற்றி ஒரே ஒரு தகவல். அவர்கள் கூடை முடைகிறவர்கள். வளையாத நேரான ஹேசல் குச்சி வேண்டுமென்றால் புதரை எரித்துவிட்டு அடுத்தடுத்த வருஷத் துளிர்களை வெட்ட வேண்டும். அங்கே தீயைத் தடுத்த முதல் சட்டம் 1850இலேயே வந்துவிட்டது. காடு எரிவதற்கு முன்பே அவர்களுக்குக் கூடை போய்விட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: மலைக்குப் போய்த் தங்கினால் பயம் போகுமா? போகாதீர்கள் என்பதே என் யோசனை. உங்கள் மனம் ஆற அவர்கள் வாசலில் போய் உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொட்டவட்டோமி இனத்தைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியர் கைல் வைட் எழுதியிருப்பதன் சாரம் இது: நீங்கள் வரப்போகிறது என்று நடுங்குகிற உலக முடிவு எங்களுக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டது, நிலம் போனது, விலங்குகள் போயின, பிள்ளைகளைப் பிடுங்கிப் போனார்கள், நாங்கள் அந்த முடிவுக்குப் பிந்தைய காலத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். இதைப் படித்த அன்று நான் மேற்கொண்டு எதையும் படிக்கவில்லை. அவர்களிடம் அமைதி கேட்டுப் போவதைவிட அவர்கள் கேட்பது என்ன என்று பார்ப்பதுதான் முறை. நம் மலைகளில் அவர்கள் கேட்பது பட்டயம். தமிழ்நாட்டில் வன உரிமைச் சட்டப்படி பட்டயம் வழங்குவது நீதிமன்றத் தடையால் பல வருஷம் முடங்கி, 2016இல்தான் வழி பிறந்தது. இனிமேல் செய்தியில் 'புலிகள் காப்பகம்', 'இடமாற்றம்' என்ற சொற்கள் கண்ணில் பட்டால், வயநாட்டுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியையாவது அதற்குக் கொடுங்கள்.

பயத்தின் விஷயத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. அந்தச் சோளகப் பெரியவருக்குப் பயம் இல்லாமல் இல்லை. மழை முன்னே பின்னே வருகிறது, நெல்லி காய்க்கிற மாதம் மாறுகிறது என்று உங்களைவிட விவரமாகப் பயப்படுவார். ஆனால் அவருடைய பயத்துக்கு ஒரு சரிவு இருந்தது, ஒரு மாதம் இருந்தது, கெண்டைக்கால் உயரம் என்று ஓர் அளவும் இருந்தது. உங்கள் பயம் வயநாட்டில் ஒரு கால், வேளச்சேரியில் ஒரு கால் என்று நிற்கிறது. கைப்பேசிக்குள் நீங்கள் செய்ய ஒரு வேலையும் இல்லை.

கையகல நிலம் இல்லை என்றீர்கள். மேலூர்ப் பக்கத்துப் பெண் இப்படிச் சொல்லலாமா? உங்கள் ஊரில் கண்மாய் இருக்குமே. அது யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலம். உங்கள் பங்கும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு காலத்தில் நீர்க்கட்டி இருந்தார். ஊருக்கு ஊர் நீர்பாய்ச்சி, மடைக்குடும்பர் என்று பெயர் மாறும். புரட்டாசியில் வரத்துக்காலைச் செதுக்கிவிடுவார். மடையில் அடைப்பு, கலுங்கில் விரிசல் பார்ப்பார். எந்த வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் என்று வைத்தது அவர்தான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் நள்ளிரவில் கோணிச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, அரிக்கேன் விளக்கோடு கரை மேல் நடப்பார். நண்டு வளையில் தண்ணீர் கசிந்தால் அது ஒரு மணி நேரத்தில் உடைப்பாகிவிடும்; அங்கேயே மண்ணை வெட்டிப் போட்டு மிதிக்க வேண்டும். மழை இரவில் அவருக்கும் தூக்கம் கிடையாது. கையில் மண்வெட்டி இருந்தது.

உடனே 'ஆஹா, நம் முன்னோர்' என்று தொடங்கிவிடாதீர்கள். தென் மாவட்டங்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். தண்ணீரைப் பங்கு வைத்தவருக்குப் பல ஊர்களில் சொந்தமாக ஒரு குழி நிலம் இருக்காது. களத்தில் அளந்து போடும் நெல்தான் கூலி. குடிமராமத்து என்று பெருமையாகப் பேசுகிறோம். அதைக் கட்டாய உழைப்பாக்கி 1858இல் ஒரு சட்டமே போட்டது அன்றைய ஆங்கிலேய ஆட்சி. அந்தப் பழைய ஏற்பாடு அப்படியே திரும்ப வேண்டாம். அந்த வேலை திரும்ப வேண்டும், மரியாதையோடும் சம்பளத்தோடும்.

உங்கள் பக்கத்து அரிட்டாபட்டியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. 2024இல் அதையும் உட்படுத்தி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டார்கள். 2025 ஜனவரி தொடக்கத்தில் ஊர் ஊராகத் திரண்டு மதுரைக்கு வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. பருவநிலைப் பதற்றம் என்ற சொல்லை அந்த ஊர்வலத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று தெரியாது. ஊற்று எங்கே இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

வேளச்சேரிக்கும் ஒரு சொல். அங்கே நீங்கள் இடுப்பளவில் நின்றது வெள்ளத்தில் மட்டுமில்லை, ஏரியின் வழியில். வேளச்சேரி ஏரி நிரம்பினால் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு ஓட வேண்டும். அந்தச் சதுப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறியது, அதற்கு முன்பே அதன் பெரும் பகுதி குப்பைமேடும் கட்டடமுமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, ஏரியின் போக்குக் கால்வாய் எங்கே தொடங்கி எங்கே மறைகிறது என்று நடந்து பாருங்கள். மாடி வீட்டுக்கு மாறிவிடுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் பாதி தரைத்தளத்தில் இருக்கிறது.

பிள்ளை பெறுவது உங்கள் முடிவு. அதில் காடு படித்தவனுக்கு வேலை இல்லை. அம்மாவோடு சண்டை போடுகிற நேரத்தில் வேறொன்று கேளுங்கள்: நம் கண்மாயில் கடைசியாக மடை திறந்தவர் யார்? அநேகமாகப் பெயரோடு சொல்வார். அவரோ அவருடைய மகனோ இருந்தால், வருகிற புரட்டாசியில் நான்கு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். அக்டோபர் 2 கிராம சபையும் அந்த மாதத்தில்தான் வரும். வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, யார் அடைத்தது, உள்வாயில் சீமைக்கருவேலம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண்மாயின் உண்ணிச்செடி அதுதான். வெட்டலாமா என்று அவசரப்பட வேண்டாம். அதில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் ஊரில் இருப்பார்கள், அவர்களையும் கேட்க வேண்டும். கூட்டிக்கொண்டு சுற்றிய நாளுக்கு அவருக்கு நாள்கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பார், விடாதீர்கள். கரை மேல் நடக்க ரப்பர் செருப்பு ஆகாது. ஈரக் களிமண்ணில் சறுக்கி விடும். கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.